இருபத்து மூன்றாவது தட்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குத் 'துப்பாக்கி' என்று பெயர். துப்பாக்கி சுடுகிற கிளப்பில் 'இஸ்திரியம்மா' என்று பெயர். எந்த இடத்தில் நின்றாலும் அடுத்த இடத்தின் பெயரைத்தான் அவள் தலையில் கட்டினார்கள். வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட உரிமையுள்ள ஒரே மனிதர் அவள் கணவர். அவரோ இருபத்திரண்டு வருஷமாக "ஏம்மா" என்பதற்கு மேல் ஓர் எழுத்துகூடச் செலவழித்ததில்லை. அவளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட வேறு விஷயங்கள் இருந்தன.

துப்பாக்கி அவள் கைக்கு வந்தது ஒரு பிரஷர் குக்கரால். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி ஊழியர் விழாவில் குலுக்கல் நடந்தது. அவளுக்குக் குக்கர் விழுந்தது. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிற ஒருவருக்கு, கிளப்பில் ஒரு மணி நேரம் இலவசமாகச் சுடக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு விழுந்தது. அந்த மனிதருக்குப் பட்டாசு வெடித்தாலே நெஞ்சு படபடக்கும். கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொண்டார். இளகிய மனசுக்காரி, கொடுத்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சீட்டு வீணாகப் போவானேன் என்று போய்ப் பார்த்தாள். முதல் நாள் இருபத்தைந்து தட்டில் இரண்டை உடைத்தாள். தோள் முழுக்க நீலம் பாரித்து வீடு வந்து சேர்ந்தவள், சாப்பிடும்போது தன்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தாளாம். "அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, குக்கர் போனது போனதுதான்" என்று கணவர் இன்னமும் சொல்லுவார்.

களிமண் தட்டு என்று பெயர்தானே தவிர அதில் களிமண் கிடையாது. சுண்ணாம்புத் தூளையும் தாரையும் சேர்த்து அச்சில் ஊற்றிய, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஆரஞ்சு வட்டு. சுடுகிறவருக்கு முன்னால், பதினைந்து பதினாறு கஜம் தள்ளி ஒரு குழி. குழிக்குள் ஓர் இயந்திரம். சத்தம் கொடுத்தால் அது ஒரு தட்டை எறியும். இடப்பக்கம் போகுமா வலப்பக்கம் போகுமா என்று அதற்கே தெரியாது. பறந்துபோகிற அந்தத் தட்டை ஒரே தோட்டாவில் உடைக்க வேண்டும். ஓரிடத்தில் ஐந்து தட்டு, அப்படி ஐந்து இடம், ஆக இருபத்தைந்து. இதுதான் ஒரு சுற்று. இதில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் நிறையப் பேர்.

என்ன இருக்கிறது என்றால், சலவைக்கூடத்தை ஒரு நாள் பார்த்திருக்க வேண்டும். கூடத்தின் நடுவில் ஓர் அறை நீளத்துக்கு இஸ்திரி உருளை. இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் நின்று, ஈரப் படுக்கை விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, சுருக்கமில்லாமல் இழுத்து உருளை வாயில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள், சூடாக வெளியே வருவதை மடித்து அடுக்குவார்கள். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு விரிப்பு. இன்றைக்கு வெள்ளை வெளேரென்று மடித்து அனுப்பிய அதே விரிப்பு, நாளை மறுநாள் ரத்தமும் மருந்துமாகத் திரும்பி வந்து நிற்கும். ஓரத்தில் தைத்திருக்கிற நம்பரைப் பார்த்து, "வந்துட்டியா மகராசி" என்று சிலதை அவள் விசாரிப்பதுகூட உண்டு. பதினெட்டு வருஷத்தில் ஒரு வேலையையாவது முடித்தேன் என்று அவளால் சொல்ல முடியாது. தட்டு அப்படியில்லை. உடைந்தால் உடைந்ததுதான். புகை மாதிரி ஒரு கறுப்புத் தூள், அவ்வளவோடு தீர்ந்தது. அது துவைக்க வராது. வாரத்துக்கு ஒரு தடவையாவது ஏதோ ஒன்றை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற சந்தோஷம், அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலாக முழுச் சுற்று அடித்தவரின் தொப்பியைப் பிடுங்கி மேலே வீசுவார்கள். கூடச் சுட்ட நாலு பேரும் அதைச் சல்லடையாக்குவார்கள். அந்த ஓட்டைத் தொப்பி கிளப் அறைச் சுவரில் ஏறிவிடும். சுவரில் பதினேழு தொப்பி இருந்தது. பதினோரு வருஷத்தில் அவள் இருபத்து நாலு வரைக்கும் வந்தது மூன்று முறை. மூன்று முறையும் ஏதோ ஒரு தட்டு கைக்கெட்டியும் வாய்க்கெட்டாமல் போனது.

போன மழைக்காலத்தில் தோள் போயிற்று. துப்பாக்கியால் போகவில்லை, விரிப்பாலும் போகவில்லை. சலவைக்கூடத்துப் படியில் ஈர மூட்டையோடு இறங்கும்போது வழுக்கி, விழாமலிருக்க வலது கையால் கம்பியைப் பிடித்தாள். கை கம்பியில் நின்றது, ஆள் கீழே போனாள். தோளுக்குள் 'டப்' என்று பட்டன் அறுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மூட்டை பத்திரமாக இருந்தது.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, தோளைத் தூக்குகிற தசைநார் பாதி கிழிந்திருக்கிறது என்றார். பாதிக் கயிறு அறுந்துவிட்டது, மீதிப் பாதியை வைத்துக்கொண்டு ஆறு மாசம் பார்த்துப் பிழைத்தால் தானாக ஒட்டும், அதுவும் அறுந்தால் கத்திதான், அப்புறமும் கை தலைக்கு மேலே போகும் என்று எழுதித்தர மாட்டேன் என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய வராதே என்றும் சொன்னார். சலவைக்கூடத்தைப் பற்றிக் கேட்டார், சொன்னாள். மூட்டை தூக்காமல் உருளையோடு மட்டும் நிற்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். வேறு ஏதாவது தோளுக்கு அதிர்ச்சி தருகிற வேலை உண்டா என்று கேட்டார். வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. "அதிர்ச்சின்னா எப்படி டாக்டர்? பஸ்ல குலுங்குமே, அந்த மாதிரியா?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டு, பஸ்ஸில் தாராளமாகப் போகலாம் என்றார். அதோடு அவள், துப்பாக்கியும் ஒரு வகையில் பஸ் மாதிரிதான் என்று முடிவுகட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் உதைக்காது என்று மனசு சொன்னது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

கணவரிடம் சொன்னதோ இன்னும் மோசம். கொஞ்சம் பயிற்சி செய்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதாக ஒரு போடு போட்டாள். ஜன்னல் கண்ணாடி பொருத்துகிற தொழில் அவருக்கு. கண்ணாடியில் விழுந்த மயிரிழைக் கீறலைப் பத்தடி தூரத்தில் கண்டுபிடிக்கிற கண். பெண்டாட்டி முகத்தில் தெரிந்த கீறல் அந்தக் கண்ணுக்குத் தப்பியிருக்குமா? ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் தோளில் தைலம் தேய்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கிப் பெட்டியை அவரே சுமந்துகொண்டு கூட வர ஆரம்பித்தார். மூன்று மாசம் கழித்து ஒரே ஒரு நாள், தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, ஒரு ஆறு மாசம் விட்டாத்தான் என்ன?"

"விட்டா போயிடும்ங்க."

"எது போயிடும்?"

அது அவளுக்கே தெரிந்தால்தானே சொல்லுவதற்கு.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்தத் தோளுக்கு அப்படித்தான் ஆயிற்று. வாரத்தில் ஆறு நாள் விரிப்பு இழுத்தது, ஏழாவது நாள் துப்பாக்கி இடித்தது. உருளையில் அவளோடு ஜோடி நிற்கிற பெண்ணை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். முதலில் கண்டுபிடித்தது அவள்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதறி ஒரே நேரத்தில் கொடுத்தால்தான் விரிப்பு நேராகப் போகும். தோள் போனவளின் கை அரை நொடி பின்தங்க, விரிப்பெல்லாம் கோணலாகப் போய் அந்தப் பக்கம் மடிக்கிறவர்கள் கத்தினார்கள். நெட்டை தன் பக்கத்தை அவளுக்குக் கொடுத்து, இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டாள். அவளுக்குக் கொடுத்தது இடது கையால் இழுக்கிற பக்கம். ஒரு வாரம் போனபின் கேட்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை போறியா இன்னும்?"

"போறேன்."

"உனக்குப் பைத்தியம்."

"ஆமா" என்றாள் அவள். அதற்குமேல் பேச இருவருக்கும் தெம்பில்லை. அடுத்த விரிப்பு காத்துக்கொண்டிருந்தது.

கிளப் என்றதும் பெரிய இடம் என்று நினைக்க வேண்டாம். கல் எடுத்துத் தீர்ந்துபோன ஒரு குவாரி, அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை, நாலு பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்று மட்டும் நடுவர் வைத்து நடக்கும். அந்தச் சுற்றில் அடிப்பதுதான் பதிவேட்டில் ஏறும். நடுவராக இருந்தவர் ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். சிக்னல்காரர் என்றே பெயர். தப்பான நேரத்தில் ஒரு வண்டியையும் விட்டதில்லை, சரியான நேரத்தில் வந்த ஒரு வண்டியையும் நிறுத்தியதில்லை என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். விதி என்றால் அவருக்கு விதிதான். போன வருஷ ஆரம்பத்தில் மரக்கடைக்காரர் ஒருவர் இடுப்பு வலியை மறைத்துக்கொண்டு சுட வந்தார். தோட்டா போட்ட துப்பாக்கியோடு இடுப்பு பிடித்துக்கொள்ள, குழல் பக்கத்து ஆள் பக்கமாகத் திரும்பிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அடிபட்ட உடம்போடு யாரும் சுடுகிற கோட்டில் நிற்கக்கூடாது, ஆறு மாசம் ஓய்வு, அப்புறம் டாக்டர் கடிதம் என்று சிக்னல்காரர் சட்டம் போட்டார். மரக்கடைக்காரருக்கு ஆறு மாசம் எப்போதோ முடிந்துவிட்டது. அவர் வரவில்லை. கடைத்தெருவில் பார்த்தபோது, "வரணும்னுதான் இருக்கேன், ஞாயித்துக்கிழமைன்னா எழுந்திருக்கவே முடியல" என்றாராம். அவளுக்கு அதுதான் பயம். வலிகூட இல்லை. ஆறு மாசம் ஞாயிற்றுக்கிழமையில் படுத்து எழுந்தால் அவளும் அப்படித்தான் ஆவாள். ஏற்கெனவே அவ்வளவு அலுப்பு அவள் உடம்பில் இருந்தது. ஒரு தடவை உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் மறைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னென்ன செய்ய வேண்டுமோ எல்லாம் செய்தாள். காலை ஐந்தரைக்கு வலி மாத்திரை போட்டால் ஏழு மணிக்குச் சரியாக வேலை செய்யும் என்று கணக்காக வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய ஒரு துண்டை நாலாக மடித்துச் சட்டைக்குள் தோளில் செருகிக்கொண்டாள். முன்பெல்லாம் காலையில் நாலு சுற்றுச் சுடுவாள். அதை ஒன்றாகக் குறைத்தாள். யாராவது கேட்டால் வீட்டில் வேலை என்றாள். துப்பாக்கியை வலது கை தூக்குகிற மாதிரி நடிக்கும். உண்மையில் தூக்குவது இடது கைதான். கன்னத்தைக் கொண்டுபோய்த் துப்பாக்கியின் பின்கட்டையில் வைத்துக்கொள்வாள். இத்தனைக்கும் நடுவில் தட்டுகள் உடைந்துகொண்டுதான் இருந்தன. பதினெட்டு, பத்தொன்பது, ஒரு வாரம் இருபத்தொன்று.

இந்தக் கதையில் சொல்ல வேண்டிய ஞாயிறு, மழையில்லாத, காற்றில்லாத ஒரு சாதாரண ஞாயிறு. வரிசையில் ஐந்து பேர். முதல் ஆள் அவள். இரண்டாவது பல் டாக்டர். வயசானவர், நல்ல மனிதர், வாய் ஓயாது. மற்ற மூன்று பேரும் ஏதோ கம்பெனியிலிருந்து சேர்ந்து வந்த புது ஆட்கள். முன்பெல்லாம் சுடுகிறவர் சத்தம் கொடுத்ததும் பின்னால் ஒருவர் பொத்தானை அமுக்குவார். போன வருஷத்திலிருந்து ஆளுக்கொரு மைக் வைத்துவிட்டார்கள். நிற்கிற இடத்துக்கு முன்னால் ஒரு குச்சியில் இருக்கும். சத்தம் கேட்டால் தட்டை விட்டுவிடும். யார் சத்தம், என்ன சத்தம் என்றெல்லாம் விசாரிக்காது. பல் டாக்டருக்குத் தும்மல் வந்தால் ஒரு தட்டு தண்டம். அவர் தட்டைக் கூப்பிடுவதே "ஆ" என்றுதான். நாற்பது வருஷம் அடுத்தவர்களைச் சொல்லச் சொன்னதைக் கடைசிக் காலத்தில் தான் சொல்லிப் பார்க்கிறார் என்று கிளப்பில் கிண்டல் செய்வார்கள். அவள் "விடு" என்பாள். தெளிவாக, சின்னதாக, தினமும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற குரலில். பதினோரு வருஷமாக அதே "விடு".

முதல் ஐந்தும் உடைந்தன. இரண்டாவது இடத்தில் ஐந்து. அதைப் பற்றி அவள் ஒன்றும் நினைக்கவில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று மட்டும் நினைத்தாள். மூன்றாவது இடத்திலும் ஐந்து உடைந்தபோது பல் டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். முழுச் சுற்றை நோக்கிப் போகிறவரிடம் யாரும் பேச்சுக்கொடுப்பதில்லை. அதுவும் ஒரு வழக்கம். அவர் பேசாமலிருந்ததில்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரும் செய்தித்தாளை மடித்துவிட்டார்.

இருபதாவது தட்டு வரைக்கும் மாத்திரை தாங்கியது. கடைசி இடத்துக்கு நடந்துபோகும்போது தோளுக்குள் யாரோ சூடான கம்பியை மெதுவாகத் திருகுகிற மாதிரி இருந்தது. ஒரு தட்டு சுட்டால், மற்ற நாலு பேரும் சுட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் துப்பாக்கியை மடக்கிப் பாதத்தின் மேல் நிறுத்தி, கையை ஓய விட்டாள். இருபத்தொன்று, வலது கோடிக்குப் போன தட்டு, உடைந்தது. இருபத்திரண்டு, உடைந்தது. இன்னும் மூன்று. மூன்று விரிப்பு, மூன்று விரிப்புத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு முடிந்துவிடும் என்று அவளுக்கு உண்மையாகவே தோன்றியது. இப்படித் தோன்றக்கூடாது என்பது சுடுகிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

இருபத்து மூன்றுக்குத் தோட்டாவைப் போட்டு மூடித் துப்பாக்கியைத் தூக்கினாள். சட்டைக்குள் துண்டு நழுவியிருந்தது. கட்டையின் முனை, வெறும் எலும்பில், கிழிந்த அந்த இடத்திலேயே போய் இடித்தது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. ஆனால் மைக்குக்கு அது போதும். கன்னம் கட்டையில் படுவதற்கு முன்னாலேயே தட்டு குழியிலிருந்து கிளம்பி, இடப்பக்கமாகத் தன்பாட்டுக்குப் பறந்துபோய், குவாரிச் சரிவுப் புல்லில் முழுசாக விழுந்தது. அவள் சுடவில்லை.

அவள் துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

விதி சின்ன விதி. கூப்பிடாமல் தட்டு போய்விட்டால் அது செல்லாது, வேறு தட்டு விட வேண்டும். கூப்பிட்டு, தட்டும் வந்து, சுடாமல் நின்றால் அது தவறியதாகக் கணக்கு. கூப்பிட்டீர்களா இல்லையா என்று நடுவர் கேட்பார். சுடுகிறவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

சிக்னல்காரர் பின்னாலிருந்து கேட்டார்.

"கூப்பிட்டியாம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பல் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "அது கூப்பிட்டதே இல்ல சார். அவங்க 'விடு'ன்னுதான் சொல்லுவாங்க, பதினோரு வருஷமா கேக்கறேன். வேற தட்டு விடுங்க" என்றார். பாவம், நல்லதுதான் நினைத்தார்.

"அப்படின்னா அது என்ன சத்தம்?" என்றார் சிக்னல்காரர்.

பெஞ்சில் கணவர் பாதி எழுந்துவிட்டதை அவள் பார்த்தாள். அது என்ன சத்தம் என்று உலகத்தில் அவளைத் தவிர ஓர் ஆளுக்குத் தெரியும் என்றால் அது அவருக்குத்தான். காலையில் தலை வாரும்போது, அலமாரியின் மேல்தட்டிலிருந்து டப்பா எடுக்கும்போது, தூக்கத்தில் வலப்பக்கம் புரளும்போது அவர் கேட்கிற சத்தம் அது. எழுந்தவர் அப்படியே நின்றார். பேசிவிடுவாரோ என்று அவள் பயந்தாள்.

நான் கூப்பிடவில்லை என்று சொன்னால் இன்னொரு தட்டு வரும். உடைப்பாள், அன்றைக்கு அவள் கை அப்படி இருந்தது. தொப்பி சுவரில் ஏறும். ஆனால் கூப்பிடவில்லை என்றால் பின்னே அது என்ன என்ற கேள்வி அங்கேயே நிற்கும். வலி என்று சொன்னால் சிக்னல்காரர் இப்போதே கோட்டிலிருந்து இறக்குவார். ஆறு மாசம். உள்ளதும் போய்விடும். இந்தத் தோளை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை இருபத்திரண்டு தட்டு தொடர்ச்சியாக உடையப் போவதில்லை, இதுதான் கடைசி வாய்ப்பு என்பதும் தெரிந்தது. பதினோரு வருஷ ஆசை. அழுகை வந்தது. அதற்கும் இப்போது நேரமில்லை.

"கூப்பிட்டேன்" என்றாள்.

"விடுன்னு கேக்கலியே."

"தொண்டை கட்டியிருக்கு சார். நான்தான் கூப்பிட்டேன். சுட மறந்துட்டேன்."

பல் டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சுட மறந்துவிட்டேன் என்று அந்தக் கிளப்பில் அதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் மெல்ல மறந்துவிட்டேன் என்கிற மாதிரி. கணவர் மெதுவாக உட்கார்ந்தார்.

சிக்னல்காரர் தாளிலிருந்து நிமிர்ந்தார். அவர் பார்வை தன் தோளில் இருக்கிறது என்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. பிறகு "தவறியது" என்று கூவி, தாளில் ஒரு சுழி போட்டார்.

மீதி இரண்டு தட்டு இருந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் பாதியில் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். மற்ற நாலு பேரும் சுடுகிற இடைவெளியில் சட்டைக்குள் கைவிட்டுத் துண்டைச் சரிசெய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். "விடு" என்றாள். தொண்டை கட்டினவளுக்கு இவ்வளவு தெளிவாக எப்படி வந்தது என்று கேட்க யாருக்கும் மனசில்லை. இருபத்து நாலாவது தட்டு உடைந்தது. இருபத்தைந்தாவது, வலது கோடி, எல்லாவற்றிலும் கஷ்டமான கோணம். அதுவும் தூளாகப் போனது. ஒருவரும் கை தட்டவில்லை. இருபத்து நாலுக்கு என்ன தட்டுவது?

கணவர் வந்து துப்பாக்கியை வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பெட்டியின் பூட்டோடு ரொம்ப நேரம் மல்லுக்கட்டினார்; அந்தப் பூட்டு அவ்வளவு கஷ்டமான பூட்டல்ல. குனிந்தபடியே, "அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்மா" என்றார்.

"தெரிஞ்சா சரி."

"டாக்டர் பயிற்சி செய்யச் சொன்னாரா, நெசமா?"

"இல்லை."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. மெதுவா வா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அவளுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பெயர் எழுதுகிற தாள், கிளப் அறைச் சுவரில் ஓர் ஆணியில் தலை உயரத்துக்குத் தொங்கும். சரட்டில் கட்டிய பேனாவும் கூடவே தொங்கும். இதுநாள் வரைக்கும் எப்படியோ எக்கி எழுதிவிடுவாள். இன்று பேனாவைப் பிடித்துக் கையை உயர்த்தினால் அது மார்பு வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. முழங்கையை இடது கையால் தாங்கித் தூக்கிப் பார்த்தாள். ஊஹும். இன்னொரு தரம் பார்த்தாள். வியர்த்துவிட்டது. கடைசியில் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். முதல் எழுத்தே சின்னப் பிள்ளை கிறுக்கினதுபோல வந்தது.

மூலை மேசையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த சிக்னல்காரர் இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே இருப்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. கையைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். இனிமேல் சொல்வதற்கு ஒரு பொய்யும் மிச்சமில்லை. தொண்டையைப் பற்றிச் சொன்னது கோட்டிலேயே செலவாகிவிட்டது.

அவர் எழுந்து வந்தார். "முப்பத்தஞ்சு வருஷம்மா. வண்டி கூவுற சத்தம் எது, பிரேக் மாட்டி இழுக்கிற சத்தம் எதுன்னு தெரியாமயா உக்காந்திருந்தேன்?"

"தெரியும் சார்."

"உன் இருபத்தஞ்சை நீயே கொடுத்துட்டு நிக்கிறே."

அவளுக்கு அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. அழுதால் அவர் இரக்கப்படுவார், இரக்கப்பட்டால் நிறுத்திவிடுவார் என்று தோன்றியது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிக்னல்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு கையை நீட்டி, அந்தத் தாளை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுபோய்த் தன் மேசைமேல் வைத்தார். தன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"உக்காந்து எழுது" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். மேசை உயரத்துக்கு வலது கை சரியாக வந்தது. முதல் சுற்றில் இன்னும் இரண்டு இடம் காலியாக இருந்தது. ஒன்றில் தன் பெயரை எழுதினாள்.